பெருந்தொற்றும் வியாழக்கிழமை ஊசியும்

கர்நாடகத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள் வியாழக்கிழமை. தமிழ்நாட்டில் அது புதன். பெங்களூரில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அங்கன்வாடிகளிலும், குடிசைப் பகுதி என்றால் கோயில் திண்ணையிலோ யாராவது வீட்டு வாசலிலோகூட, வியாழன் காலையில் ஒரு மேசை போடப்படும். பனிக்கட்டிப் பைகள் அடுக்கிய தடுப்பூசிப் பெட்டி வந்து சேரும். ஏ.என்.எம். சிஸ்டர் ஊசி போடுவார். வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைக் கூப்பிட்டு வருவது ஆஷா எனப்படும் பகுதி சுகாதாரப் பணியாளரின் வேலை. 2020 மார்ச் 25 அன்று, யுகாதிப் பண்டிகையன்று, நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அது புதன்கிழமை. மறுநாள், ஊரடங்கின் முதல் வியாழனன்றுதான் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை வெளியிட்டது: கூட்டம் சேர்க்கும் பெரிய முகாம்களைத் தள்ளிவையுங்கள், குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசியைக் கூடியவரை நிறுத்தாதீர்கள். சொன்னது சரி. ஆனால் அதைக் காப்பாற்ற ஒரு நகரம் எதையெல்லாம் கைவிடாமல் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த அறிவுரையில் விடை கிடையாது. பெங்களூரின் அனுபவத்தில் ஓரளவு கிடைக்கிறது. பெருந்தொற்றில் முதலில் அறுந்தது மருந்து விநியோகமோ பெற்றோரின் நம்பிக்கையோ இல்லை, தெருத்தெருவாக நடக்கும் ஒரு பெண்ணின் வேலையும் அவர் கையிலிருந்த பெயர்ப் பட்டியலும்தான் என்பது என் வாதம். அடுத்த முறை எதைக் காப்பாற்ற வேண்டும் என்ற முடிவு இதைப் பொறுத்தே அமையும்.

ஒரு குறிப்பிட்ட கிழமைக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பது மருந்துக் குப்பியைப் பார்த்தால் புரியும். தட்டம்மை–ரூபெல்லா மருந்து தூளாக வருகிறது. உடன் வரும் திரவத்தில் அதைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரம்தான் ஆயுள். அதற்குப் பிறகு மிச்சம் எவ்வளவு இருந்தாலும் போடக்கூடாது. அரசுத் திட்டத்தில் வரும் ஒரு குப்பியில் ஐந்து குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். பி.சி.ஜி. குப்பியில் பத்துக் குழந்தைகளுக்கு. பென்டாவேலன்ட், போலியோ சொட்டு போன்றவற்றைத் திறந்த பிறகும் விதிப்படி குளிரில் வைத்து 28 நாள் வரை பயன்படுத்தலாம். கரைத்துப் போடும் மருந்துகளுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதுதான் விதி என்றாலும், ஐந்து குழந்தைகளை ஒரே காலையில் கூட்டிவருவதில்தான் இந்த ஏற்பாட்டின் சிக்கனமும் ஒழுங்கும் இருக்கின்றன. யாருக்கு ஆறு வாரம் முடிந்தது, யாருக்குப் பத்து, யாருக்குப் பதினான்கு, எந்தக் குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆயிற்று, எது ஒன்றரை வயதைத் தாண்டிவிட்டது என்று கணக்குப் பார்த்து முந்தின நாளே நினைவூட்டி வைக்க ஒருவர் வேண்டும். தேதி தாய்க்கு நினைவிருக்கும் என்று நம்பி இந்தியாவின் தடுப்பூசித் திட்டம் அமைக்கப்படவில்லை. நினைவூட்ட ஆள் வரும் என்று நம்பி அமைக்கப்பட்டது.

நடந்தது என்ன என்பதற்கு மூன்று வகைச் சான்றுகள் உள்ளன. முதலாவது அரசின் மாதாந்தரப் பதிவுகள். மார்ச் 2020இல் ஊரடங்கு கடைசி வாரத்தில்தான் வந்தது. அதற்குள்ளேயே குறைந்தது ஒரு லட்சம் குழந்தைகளுக்கு பி.சி.ஜி. போடப்படவில்லை என்றும், பென்டாவேலன்ட்டிலும் ரோட்டா சொட்டு மருந்திலும் ஒவ்வொரு தவணைக்கும் சுமார் இரண்டு லட்சம் பேர் விடுபட்டனர் என்றும் பத்திரிகையாளர் எஸ். ருக்மிணி அந்தப் பதிவுகளிலிருந்தே எடுத்துக் காட்டினார். ஊரடங்கில் பதிவேட்டை எழுத ஆள் இல்லாமலும் எண்ணிக்கை குறைந்திருக்கலாமே என்று கேட்பது நியாயம். அதனால்தான் இரண்டாவது சான்று முக்கியமாகிறது. ரமணன் லட்சுமிநாராயணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தேசியக் குடும்ப நல ஆய்வின் வீட்டுக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டு, தவணைத் தேதி பெருந்தொற்றுக்குள் விழுந்த குழந்தைகளை அதற்கு முந்தைய குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். தடுப்பூசிக்கு ஏற்ப ஏறத்தாழ 2 முதல் 10 சதவீதம் வரை குறைவு தெரிந்தது. ஆகவே சரிவு காகிதத்தில் மட்டும் நடந்ததில்லை. மூன்றாவது, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து தரும் மதிப்பீடு. மூன்று தவணை முத்தடுப்பூசி பெற்ற இந்தியக் குழந்தைகளின் பங்கு 2019இல் 91 சதவீதம், 2020இல் 85. முதல் தவணைகூடக் கிடைக்காத குழந்தைகள் 2019இல் சுமார் 14 லட்சம். 2021இல் வெளிவந்த கணக்குப்படி 2020இல் 30 லட்சத்துக்கு மேல். 2022இல் நாடு மீண்டுவிட்டது. 93 சதவீதம் ஆயிற்று. இந்த மீட்சி உண்மையானது, பாராட்டத்தக்கது. ஆனால் 2022இல் ஏறிய சதவீதம் பெரும்பாலும் 2022இன் குழந்தைகளுடையது. 2020இல் விடுபட்ட குழந்தை அந்த எண்ணுக்குள் இல்லை.

கர்நாடகத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் காட்டும் எண் ஒன்று உண்டு. முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் நான்காம் தேசியக் குடும்ப நல ஆய்வில் 62.6 சதவீதம், ஐந்தாம் ஆய்வில் 84.1. பெரிய முன்னேற்றம்தான். ஐந்தாம் ஆய்வின் அட்டையில் 2019–21 என்று அச்சிட்டிருப்பதால் பெருந்தொற்றையும் தாண்டி வந்த எண் போலத் தோன்றும். கர்நாடகத்தில் அதன் களப்பணி 2019 ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிட்டது. தொற்றுக் காலத்தில் இந்த மாநிலத்துக்கு என்ன ஆயிற்று என்று அந்த 84.1 எதையும் சொல்லாது. தொற்று வருவதற்கு முன் கையில் எவ்வளவு இருந்தது என்றுதான் சொல்லும்.

இனி பெங்களூரின் அமைப்புக்கு வருவோம். கிராமத்தில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார மையம், ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா என்பது பழைய ஏற்பாடு. நகரங்களுக்கென்று தனியாக ஒரு சுகாதார இயக்கம் 2013இல்தான் வந்தது. அதன்படி ஐம்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், பத்தாயிரம் பேருக்கு ஓர் ஏ.என்.எம்., இருநூறிலிருந்து ஐந்நூறு வீடுகளுக்கு ஓர் ஆஷா. கிராமத்தின் அரைப் பங்கு அடர்த்தி. அதுவும் எந்த வீடுகளுக்கு? கிராமத்து ஆஷா மருமகளாக வந்த ஊரிலேயே வேலை செய்கிறார். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது என்பது அவருக்குத் தானாகவே தெரிந்துவிடும். பெங்களூரிலோ ஒரு தெருவில் ராய்ச்சூரிலிருந்தும் யாதகிரியிலிருந்தும் வந்த கூலிக் குடும்பங்கள், அடுத்த தெருவில் மூன்று தலைமுறைத் தமிழர்கள், அதற்கடுத்து எழும்பும் அடுக்குமாடிக் கட்டடத்தின் தகரக் கொட்டகைகளில் பிகாரும் ஒடிசாவும் வங்காளமும். கட்டடம் முடிந்ததும் கொட்டகை காலி. கர்நாடகத்தில் கர்ப்பிணிக்குத் தரும் தாயி கார்டில் குழந்தையின் ஊசிக் கணக்கும் இருக்கும். வெளிமாநிலத்தில் பிரசவம் முடித்துத் திரும்பியவள் கையில் வேறு மாநிலத்தின் அட்டை இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். இந்த நகரத்தில் பெயர்ப் பட்டியல் என்பது ஒருமுறை எழுதி வைத்துக்கொள்ளும் பொருள் ஆகாது. வாராவாரம் ஒருவர் நடந்து போய்த் திருத்தினால்தான் அது பட்டியல். நான்கு மாதம் யாரும் நடக்காவிட்டால் அது பழைய காகிதம்.

அந்த நடைதான் 2020இல் நின்றது. மத்திய சுகாதார அமைச்சகம் மே மாதம் தந்த வழிகாட்டுதலில் பிறந்தவுடன் போடும் ஊசிகள் எங்கும் தடைப்படக்கூடாது என்று இருந்தது. கட்டுப்படுத்தப்பட்ட பகுதியிலும் அதைச் சுற்றிய வளையத்திலும் சுகாதார நிலையத்துக்குத் தாமாக வருபவர்களுக்கு ஊசி போடலாம். வெளியே போய் முகாம் நடத்தக்கூடாது. கட்டுப்பாடு நீங்கிக் குறைந்தது 14 நாள் கழித்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும். தொற்றுப் பரவலை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த விதியில் குறை காண்பது கடினம். ஆனால் நகரத்தின் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 2020 ஏப்ரலில் பாதராயனபுரா, பாபுஜிநகர் என்ற இரண்டு வார்டுகளுக்கு முழுவதுமாகச் சீல் வைத்தார்கள். நெருக்கமான வீடுகள், தினக்கூலிக் குடும்பங்கள். கட்டுப்பாடு எங்கே கடுமையாக விழுகிறதோ அங்கேதான் வெளிமுகாமை விட்டால் வேறு வழியில்லாத குழந்தைகள் அதிகம். ‘தாமாக வருபவர்களுக்குப் போடலாம்’ என்ற வாசகம் ஆட்டோ பிடிக்கக் காசும், போலீஸைக் கேட்டு வெளியே வரத் துணிவும் உள்ள தாய்க்குத்தான் பொருந்தும். பத்தொன்பது வயதில் முதல் பிள்ளை பெற்று, கன்னடம் தெரியாமல் கொட்டகையில் இருக்கும் பெண்ணுக்கு அந்த வாசகம் மூடிய கதவுதான்.

ஆஷாக்களின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல் கணக்கெடுப்பு, வெளியூரிலிருந்து வந்தவர்களைத் தேடுதல், தனிமைப்படுத்தப்பட்டவர்களைக் கண்காணித்தல் என்று எல்லாமே அவர்கள் தலையில் விழுந்தன. கர்நாடகத்தின் சுமார் 42,000 ஆஷாக்கள் மாதம் 12,000 ரூபாய் மதிப்பூதியம் கேட்டு 2020 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். இதைப் பேரிடர் நேரத்துப் பொறுப்பின்மை என்று கண்டித்தவர்கள் அவர்களுடைய ஊதிய அமைப்பைப் பார்த்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பார்கள். ஆஷாவுக்குச் சம்பளம் என்று ஒன்று இல்லை; மாநிலம் தரும் ஒரு சிறு நிலைத்தொகை, மற்றதெல்லாம் செய்த வேலைக்கு இவ்வளவு என்ற ஊக்கத்தொகை. ஒரு குழந்தைக்கு முதல் வருடத்து ஊசிகள் அத்தனையும் போட்டு முடித்தால் 100 ரூபாய், இரண்டாம் வருடத்துக்கு 75. கொரோனா வேலைக்கு மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தது. தடுப்பூசி நாள் நின்றால் அந்த வருமானமும் நிற்கும் என்பதும், புது வேலை பழைய வேலையின் நேரத்தைத் தின்னும் என்பதும் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு குழந்தையின் ஊசிக் கணக்கை ஒரு வருடம் முழுக்கத் துரத்திப் பிடிப்பதற்கு நாம் வைத்திருக்கும் விலை நூறு ரூபாய். இது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

பிறகு இடப்பெயர்ச்சி. 2020 மே முதல் வாரத்தில், கட்டுமான நிறுவனத்தாரோடு பேசிய கையோடு கர்நாடக அரசு வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்களை வேண்டாம் என்று எழுதியது. எதிர்ப்பு எழுந்ததும் ஓரிரு நாளில் முடிவை மாற்றிக்கொண்டது. அந்த ரயில்களில் கைக்குழந்தைகளும் போயின. ஆறாவது வார ஊசியைப் பெங்களூரில் போட்டுக்கொண்டு பத்தாவது வாரத்தில் பிகாரின் தர்பங்காவில் இருக்கும் குழந்தையை வைத்து யோசித்துப் பாருங்கள். இங்குள்ள பட்டியலில் அது ‘ஊரைவிட்டுப் போனது’. அங்குள்ள பட்டியலில் அது இன்னும் இல்லை. மாதக் கடைசியில் இரண்டு இடத்திலும் சதவீதம் குறையாது, ஏனென்றால் விகிதத்தின் கீழெண்ணிலிருந்தே குழந்தை நழுவிவிட்டது. தடுப்பூசிப் புள்ளிவிவரத்தின் மிகப் பெரிய ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். தவறவிட்டதாக எண்ணப்படும் குழந்தையை எப்படியாவது தேடலாம். எண்ணப்படாத குழந்தையைத் தேட வேண்டும் என்றே யாருக்கும் தோன்றாது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை பல. கொரோனா குழந்தைகளைப் பெரிதாகத் தாக்கவில்லை, ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் தாயும் வீட்டில் இருக்கும் பாட்டியும் தொற்றுக்கு ஆளாவார்களே என்பது முதல் எதிர்வாதம். உணர்ச்சிவசப்பட்டு இதைத் தள்ளிவிடக் கூடாது; அளந்து பார்க்க வேண்டும். லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசினைச் சேர்ந்த காஜா அப்பாஸும் சகாக்களும் ஆப்பிரிக்க நாடுகளுக்காக 2020இல் அப்படி அளந்தார்கள். ஊசி போடப் போய்வருவதால் தொற்றி நேரக்கூடிய ஒவ்வொரு கொரோனா மரணத்துக்கும் எதிராக, வழக்கமான தடுப்பூசி தொடர்ந்தால் 84 குழந்தை மரணங்களைத் தவிர்க்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. நிச்சயமின்மையின் எல்லை அகலமானது; அந்த எல்லையின் அடிமட்டத்தில் அது 14க்கு ஒன்று. ஆப்பிரிக்காவின் எண்ணை அப்படியே பெங்களூருக்குப் பொருத்த முடியாது. நம் நகரத்தில் முதியவர்களின் விகிதம் வேறு, தட்டம்மை மரண விகிதம் குறைவு. அப்படியிருந்தும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஐயமில்லை. மேலும், போய்வரும் ஆபத்து கூட்டத்தில்தான் இருக்கிறது. ஒரே நேரத்தில் நாற்பது பேர் வருவதற்குப் பதிலாக மணிக்கு எட்டுப் பேர் என்று பிரித்துக் கூப்பிட்டால் அது குறையும். அப்படிப் பிரித்துக் கூப்பிடவும் மறுபடி அந்தப் பட்டியலும் ஆஷாவும்தான் வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் நுட்பமானது. முகக்கவசமும் மூடிய பள்ளிகளும் மற்ற தொற்றுகளையும் தடுத்தன, ஆகவே சில மாதத் தாமதத்தால் என்ன கெட்டது? முதல் பாதி உண்மை. 2020இல் உலகில் பதிவான தட்டம்மை நோயாளிகள் முந்தைய ஆண்டைவிட 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தார்கள். அதே ஆண்டில் சுமார் 2 கோடியே 20 லட்சம் குழந்தைகளுக்கு முதல் தட்டம்மை ஊசி கிடைக்கவில்லை. நோய் ஓய்ந்திருந்ததே கடனை மறைத்தது. தட்டம்மைக்கு ஒரு நோயாளியிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குப் பரவும் வேகம் உண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் அது அடங்கும். பாதுகாப்பில்லாத குழந்தைகள் ஒரே பேட்டையில் சேர்ந்துகொண்டே போனால், ஊர் திறந்ததும் அது அங்கே போய் நிற்கும். 2022 அக்டோபரில் மும்பை கோவண்டியில் அப்படித்தான் நின்றது, குழந்தைகள் இறந்தார்கள். நவம்பரில் ராஞ்சி, அகமதாபாத், மலப்புரம் ஆகிய இடங்களுக்கும் மத்தியக் குழுக்கள் போக வேண்டியிருந்தது. உலக அளவில் 2022இன் தட்டம்மை மரணங்கள் முந்தைய ஆண்டைவிட 43 சதவீதம் கூடி 1,36,000 ஆயின. பிழைத்த குழந்தையும் முழுசாகத் தப்பிவிடுவதில்லை. தட்டம்மை உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருந்த எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 சதவீதம் வரை அழித்துவிடுகிறது என்று 2019இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மற்ற நோய்களோடு பழகிச் சம்பாதித்த பாதுகாப்பும் அதோடு போய்விடுகிறது.

வீடு பற்றி எரியும்போது தோட்டத்துக்குத் தண்ணீர் விட ஆள் இருக்குமா என்பார்கள் மூன்றாவது தரப்பினர். இதில் ஒரு பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். 2021 ஏப்ரல் கடைசியில் பெங்களூரில் ஒரே நாளில் இருபதாயிரம் பேருக்கு மேல் தொற்று பதிவாகிக்கொண்டிருந்தது. படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் குடும்பங்கள் அலைந்தன. அந்த வாரங்களில் வெளிமுகாம் நடத்தச் சொல்லி யாரையும் கேட்டிருக்க முடியாது. ஆனால் அப்படிப்பட்ட வாரங்கள் எத்தனை? நெருக்கடியின் உச்சம் ஆறேழு வாரம் என்றால் அதற்கு இருபுறமும் பல மாதங்கள் இருந்தன. தள்ளிவைப்பதில் ஒழுங்காகத் தள்ளிவைப்பது என்று ஒன்று உண்டு. 2021 ஜனவரி 17க்கு அறிவித்திருந்த போலியோ சொட்டு மருந்து நாள், 16ஆம் தேதி கொரோனா தடுப்பூசி தொடங்கியதால் 31ஆம் தேதிக்கு மாற்றப்பட்டது. இரண்டு வாரம், புதுத் தேதி, அறிவிப்பு, அவ்வளவுதான். குழந்தைகள் சொட்டு மருந்தைப் பெற்றார்கள். மறுதேதி இல்லாமல் நிறுத்துவதுதான் கேடு. காங்கோ ஜனநாயகக் குடியரசு இதைக் கொடுமையாகக் கற்றது. 2018இல் தொடங்கிய எபோலா பரவல் அங்கே ஏறத்தாழ 2,300 பேரைக் கொன்றது. அதே காலத்தில் தட்டம்மை 6,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். உலகத்தின் கண் முழுக்க எபோலாவின் மேல் இருந்தது.

விட்டதைப் பிறகு முகாம் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம் என்ற நான்காவது வாதம்தான் ஆட்சியாளர்களுக்கு மிகவும் பிடித்தமானது. முகாமைத் தொடங்கி வைக்கலாம், மறுநாள் படம் வரும். தீவிர இந்திரதனுஷ் இயக்கத்தின் மூன்றாம் கட்டம் 2021 பிப்ரவரி–மார்ச்சிலும், நான்காம் கட்டம் 2022லும், ஐந்தாம் கட்டம் 2023 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரையும் நடந்தன. விடுபட்ட ஏராளமான குழந்தைகளை அவை சென்று சேர்ந்தன. இருந்தாலும் இதற்கு எல்லைகள் உண்டு. ரோட்டா சொட்டின் முதல் தவணையை ஒரு வயதுக்குள் கொடுக்காவிட்டால் அரசுத் திட்டத்தில் அப்புறம் கொடுப்பதில்லை. பி.சி.ஜி.யும் ஒரு வயது வரைதான். பென்டாவேலன்ட்டையும் ஒரு வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சுவது முத்தடுப்பூசி மட்டும். கக்குவான் இருமல் உயிரைக் குடிப்பது முதல் சில மாதங்களில்தான். ஒன்றரை வயதில் போடும் ஊசி நான்காவது மாதத்து ஆபத்தைப் பின்னோக்கிப் போய்த் தடுக்காது. இன்னொன்று, முகாமுக்கான விடுபட்டோர் பட்டியலை யார் தருவது? அதே ஆஷா, அதே வீடுவீடான கணக்கெடுப்பு. அது பழுதாகிக் கிடந்தால் முகாமும் ஏற்கெனவே தெரிந்த குழந்தைகளையே சுற்றிச்சுற்றி வரும்.

நிறுத்துவது எளிது, மறுபடி பழைய இடத்துக்கு வருவது நெடுங்காலம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. அதைப் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் கிராமத்துத் துணை மையங்களில் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார்கள். நான்கு வீடுகளில் பிள்ளை போன பிறகு எடுத்த முடிவு. அதன் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. 2007–08இன் மாவட்ட அளவிலான ஆய்வில் முழுத் தடுப்பூசி பெற்ற தமிழ்நாட்டுக் குழந்தைகள் 81.8 சதவீதம். 2015–16இல் 69.7. கேள்விமுறையும் மாதிரி அளவும் மாறிய இரண்டு ஆய்வுகளை ஒப்பிடுவதில் எச்சரிக்கை வேண்டும்; சரிவுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனாலும் தடுப்பூசியில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயரெடுத்த மாநிலம், குழந்தை இருக்கும் தெருவுக்கு ஊசி போவதை நிறுத்தியதற்குப் பிந்தைய ஆண்டுகளில் பன்னிரண்டு புள்ளி இழந்தது. ஐந்தாம் குடும்ப நல ஆய்வில்தான் 89.2க்கு ஏறியது. இவ்வளவுக்கும் சரிவு நேர்ந்த அந்த ஆண்டுகளில் அங்கே ஊரடங்கு இல்லை.

பெற்றோரின் தயக்கத்தை நான் சிறிதாக்கிப் பேசுவதாகத் தோன்றலாம். 2017 பிப்ரவரி 5 அன்று பெங்களூரில் தட்டம்மை–ரூபெல்லா இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகளால் இங்கும் தமிழ்நாட்டிலும் பள்ளிகளில் பெற்றோர் பிள்ளைகளை ஊசிக்கு விடாமல் தடுத்தது நடந்ததுதான். 2020இல் இருந்த பயம் வேறு வகை. ஊசியைப் பற்றிய பயத்தைவிட, ஆஸ்பத்திரியைப் பற்றிய பயமே அதில் பெரியது. பெங்களூரில் விக்டோரியா மருத்துவமனை முழுக்கக் கொரோனாவுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் வாணிவிலாஸ் தாய்சேய் மருத்துவமனைக்குக் கைக்குழந்தையோடு போக ஒரு தாய் தயங்கியிருந்தால் அதை அறியாமை என்று சொல்ல முடியுமா? படித்த, வசதியுள்ள குடும்பங்களும் இதே காரணத்தால்தான் வீட்டில் இருந்தன. நாடெங்கும் குழந்தை மருத்துவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், 2020 ஜூனுக்குள் தங்களிடம் தடுப்பூசி பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது என்று ஐந்தில் நான்கு பேருக்கு மேல் சொன்னார்கள். செப்டம்பரில் அப்படிச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். தனியார் கிளினிக் இவ்வளவு சீக்கிரம் எழுந்ததற்குப் பெற்றோரின் தொலைபேசி எண் மருத்துவர் கையில் இருந்ததும், ‘பத்தரை மணிக்கு வாருங்கள், வேறு யாரும் இருக்க மாட்டார்கள்’ என்று கூப்பிட்டுச் சொல்ல முடிந்ததும் முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன். ஏழைக் குழந்தைக்கு அந்தத் தொலைபேசி ஆஷாதான்.

அடுத்த தொற்று வருமா என்பதில் கேள்வியில்லை, எப்போது என்பதில்தான். அதற்கு முன் செய்துவைக்கக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. நகரத்தின் பேரிடர்த் திட்டத்திலேயே வியாழக்கிழமையை ஒதுக்கி எழுதிவைக்க வேண்டும்: எந்த அவசரத்திலும் அன்று காலை நான்கு மணி நேரம் ஏ.என்.எம்.மையும் ஆஷாவையும் வேறு வேலைக்கு இழுக்கக்கூடாது; இழுத்தே ஆக வேண்டுமென்றால் எத்தனை வாரம், மறுதேதி எது என்று எழுத்தில் இருக்க வேண்டும். காய்ச்சல் நோயாளி வரும் கட்டடத்தில் ஊசி போடக்கூடாது. நகரம் முழுக்கத் திறந்திருக்கும் நம்ம கிளினிக்குகள் 2020இல் இல்லை, இப்போது இருக்கின்றன. தொற்று வந்தால் ஒரு வார்டில் எந்தக் கிளினிக் காய்ச்சலுக்கு, எது குழந்தைகளுக்கு என்று இன்றே பிரித்து அறிவித்துவிடலாம். சீல் வைத்த பகுதிக்குள் பால் வண்டியும் காய்கறி வண்டியும் அனுமதிக்கப்பட்டன. கவசம் அணிந்த ஒரு சிஸ்டரும் ஒரு தடுப்பூசிப் பெட்டியும் ஏன் போகக்கூடாது? கட்டுமானத் தளத்தில் எத்தனை குழந்தைகள் என்ற கணக்கைத் தருவதை ஒப்பந்ததாரரின் கடமையாக்கலாம். போலியோ ஒழிப்பின்போது பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் செங்கல் சூளையிலும் குழந்தைகளைத் தேடிப் பிடித்த நாடு இது. 2011 ஜனவரிக்குப் பிறகு இங்கே காட்டுப் போலியோ ஒன்றுகூட இல்லாததற்கு அந்தத் தேடலும் காரணம். தெரியாத வித்தையைக் கற்கச் சொல்லவில்லை. யூ-வின் செயலியில் ஊசிக் கணக்கு ஏறுவது நல்லதே. பெங்களூரில் போட்ட தவணையை தர்பங்காவில் பார்க்க அது உதவும். ஆனால் பதிவாகாத குழந்தையைச் செயலி தானாகக் கண்டுபிடிக்காது. அதற்குக் கொட்டகைக்குள் குனிந்து எட்டிப் பார்க்க ஒருவர் வேண்டும், அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும்.

இதில் புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. பெங்களூரு பெருநகர மாநகராட்சி 2025 செப்டம்பரில் மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து, மேலே பெரு பெங்களூரு ஆணையம் வந்திருக்கிறது. நிர்வாகத்துக்கு அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஒயிட்ஃபீல்டில் ஒரு கட்டடம் முடிந்து எலகங்காவுக்கு இடம் மாறும் குடும்பம், வெளியூர் போகாமலேயே இனி ஒரு மாநகராட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. அந்தக் குடும்பத்துக் குழந்தையின் பதினான்காவது வார ஊசிக்கு யார் பொறுப்பு, ஒருவரின் பட்டியலிலிருந்து எடுத்த பெயர் மற்றவரின் பட்டியலில் ஏறிவிட்டதா என்று யார் சரிபார்ப்பது என்பதை ஐந்து மாநகராட்சிகளின் சுகாதார அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து இப்போதே தீர்மானிக்க வேண்டும். தொற்று இல்லாத சாதாரண வியாழக்கிழமைகளில் செய்து முடிக்க வேண்டிய வேலை அது.